சொன்ன சேதி இறாலைப் பற்றியது

தோடு வாங்கினால் நகைக்கடையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி தருவார்களே, உள்ளே ரோஸ் நிறத் தாளும் பஞ்சும் வைத்து, அப்படி ஒன்று என் பள்ளிக்கூட மேசை டிராயரில் இருக்கிறது. அதில் இருப்பது தோடு இல்லை, ஒரு இறாலின் சட்டை. பாம்பு சட்டை உரிப்பதுபோல இறாலும் உரிக்கும் என்பது நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாது, நானும் அறிவியல் டீச்சர்தான். விரல் நீளம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். கண் இருந்த இடத்தில் இரண்டு குமிழ், ஒடிந்துபோன ஒரு மீசை, ஒடியாத ஒன்று, முன்கால்களின் நுனியில் மடித்து வைத்த நான்கு விசிறிகள். ஒருமுறை டிராயரைத் திறந்தபோது பக்கத்து மேசைத் தமிழய்யா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், கருவாடா?" என்றார். ஆமாம் சார் என்று சிரித்துவிட்டு மூடிவிட்டேன். அதைக் கொடுத்தவர் என் அண்ணி.

அண்ணி என்றால் அண்ணன் மனைவி இல்லை, என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்து, பதினோரு மாதத்தில் ஒரே ஒரு பெட்டியோடு அரியலூருக்குத் திரும்பி வந்தவர். "ஒத்து வரல" என்ற இரண்டு வார்த்தையில் அந்தக் கதையை வீட்டில் மூடி வைத்திருந்தார்கள். நான் மருமகளாக வந்தபோது அவர் திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஆரத்தி கரைத்தவர் அவர்தான். எடுக்க மட்டும் அவரை விடவில்லை. தட்டை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போன அந்த முதுகைத்தான் நான் அந்த வீட்டில் முதலில் பார்த்தேன். அப்புறம் பல வருஷம் அந்த முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

காலை நாலரைக்கு வாசல் தெளிப்பதிலிருந்து மாமியாருக்கு இரவு மாத்திரை கொடுப்பதுவரை எல்லாம் அண்ணி. என் இரண்டு பிள்ளைகளையும் பெற்றது நான், வளர்த்தது அவர். பெரம்பலூரைத் தாண்டி ஒரு ஊரில் எனக்கு வேலை. ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க நான் வாசலில் செருப்பை மாட்டும்போது, டிபன் பாக்ஸ் என் கைக்கு வந்து நிற்கும். என்ன குழம்பு என்று பார்க்கக்கூட எனக்கு நேரம் இருந்ததில்லை. "டீச்சரம்மா, பேனாவ மறந்துட்டீங்க" என்று கேலி செய்தபடி பின்னாலேயே ஓடி வருவார். அவர் வெளியே போகும் தூரம் ரேஷன் கடைவரைதான். பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து இன்னும் இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவை அவர் வருஷத்துக்கு ஒரு தடவை தாண்டினால் அதிகம். அவருக்கென்று ஒரு போன் கிடையாது. வீட்டுக்குப் பொதுவான போன் மாமியார் தலையணைக்கடியில் இருக்கும். அண்ணியைக் கேட்டு யாராவது கூப்பிட்டால் "அவ வேலயா இருக்கா" என்று மாமியாரே பேசி வைத்துவிடுவார். சொன்னதில் பொய் இல்லை, அவர் எப்போதும் வேலையாகத்தான் இருந்தார்.

மீன் தொட்டி என் கணவரின் ஆசை. யாரோ ஒரு டாக்டரின் கிளினிக்கில் பார்த்துவிட்டு வந்து, ஹாலில் மூன்றடித் தொட்டி ஒன்றை வைத்தார். கப்பி, மோலி, வாலாட்டும் இன்னும் சில. மூன்றே வாரத்தில் ஆசை தீர்ந்தது, தொட்டி அண்ணியிடம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். டம்ளரில் ஊற்றி வைத்தாலே வெள்ளைக் கோடு விழும், கண்ணாடியைக் கேட்க வேண்டுமா. அண்ணி விடுவாரா? ஞாயிறு தவறாமல் பாதித் தண்ணீரை மாற்றி, கண்ணாடியை எலுமிச்சைத் தோலால் தேய்த்து, மோட்டாருக்குள் இருக்கும் பஞ்சைப் பிழிந்து பிழிந்து வெளுக்க வைத்துவிடுவார். வந்தவர்கள் எல்லாம் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்பார்கள். என் கணவர் தான்தான் சுத்தம் செய்ததுபோல மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தத் தொட்டிக்குப் பெரம்பலூர் மீன் கடையில் சொல்லி வைத்து, பாலித்தீன் பையில் தண்ணீரோடு அந்த இறாலை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவள் நான். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கொண்டிருந்தது. பஸ் முழுக்கப் புழுதி. பைக்குள் அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கடைக்காரர் அதை பாம்பூ ஷ்ரிம்ப் என்றார். "ஓடுற தண்ணியில மெதந்து வர்றத வடிகட்டித் தின்னுக்கும் மேடம். தனியா சாப்பாடு போட வேணாம், தொல்லையே இல்லாத ஜீவன்." அவர் சொன்னதில் தொல்லையே இல்லாத என்பது மட்டும் என் காதில் ஏறியது. வீட்டில் மாமியார் கட்டிலிலிருந்தே பார்த்துவிட்டு, "எறாவ கொழம்பு வெக்காம கண்ணாடியில போட்டு வேடிக்கை பாக்குறீங்களே, நல்லா இருக்கீங்களாடா?" என்றார்.

ஆனால் வேடிக்கை பார்க்கத் தகுந்ததுதான். அதற்குக் கொடுக்கு கிடையாது. அந்த இடத்தில் விசிறிகள். மோட்டாரிலிருந்து தண்ணீர் பீறிட்டு வரும் வாய்க்கு எதிரே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் ஏறி, வேகத்துக்கு முகம் கொடுத்து நின்று, நான்கு விசிறிகளையும் விரிக்கும். மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மடியேந்தி நிற்பார்களே, அப்படி நிற்கும். ஏதாவது வந்து விழுந்ததும் ஒரு விசிறியை மூடி வாயில் வைத்துத் துடைத்துக்கொள்ளும், பிறகு அடுத்தது. அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடியே அதன் முன் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் நகர்ந்தார். அண்ணி எதையும் தீய விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வாரம் அது கட்டையை விட்டுக் கீழே இறங்கியது. தரையில் கிடக்கும் கூழாங்கற்களை விசிறியால் தட்டித் தட்டித் துழாவிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தது. ஓய்வே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பிள்ளைகள் கைதட்டினார்கள். "தரையெல்லாம் கூட்டித் தொடைக்குது பாரேன்" என்றார் என் கணவர். "ஒன்ன மாதிரியே இருக்குடி, ஒரு எடத்துல உக்காருதா பாரு" என்று மாமியார் அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய உயர்ந்த பாராட்டு. நானும் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம வூட்டுல இனிமே ரெண்டு அண்ணி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். பிறகு குனிந்து தொட்டியைப் பார்த்து, "எனக்கென்னமோ இது தேடுற மாதிரி இருக்கு. நாளைக்கு அந்தக் கடைக்காரர ஒரு வார்த்த கேட்டுட்டு வரியா?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பெரம்பலூரில் இறங்கி முதலில் மீன் கடைக்குத்தான் போனேன். நான் பெருமையாக, தரையெல்லாம் சுத்தம் பண்ணுகிறது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "சுத்தம் பண்ணல மேடம். பசியில பொறுக்குது. தண்ணிய ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க, வர்ற தண்ணியில ஒண்ணும் இல்ல. மத்த மீனும் போடுறத மேலயே தின்னுருது. கீழ எறங்கிட்டாலே அதுக்கு வேற வழி இல்லன்னு அர்த்தம். பாக்க சுறுசுறுப்பாத்தான் இருக்கும். அப்படியே இருந்து ஒரு நாள் செத்துரும்." மீன் தீனியை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, அது நிற்கும் இடத்துக்கு முன்னால் விடச் சொன்னார். பஞ்சை அடிக்கடி பிழிய வேண்டாம் என்றார்.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், அரியலூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு அம்மாள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெரம்பலூரில் ஒரு கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தார். "ஒங்க வூட்டுக்கு நாலு தடவ போன் போட்டேன், பெரியம்மாவே வெச்சுடுறாங்க. அதான் ஒங்களையே புடிக்கலாம்னு வந்தேன். எங்க ஹாஸ்டல்ல வேலைக்கு ஒரு எடம் காலி. தங்குற ரூம், சாப்பாடு எல்லாம் உண்டு. அவளுக்காகத்தான் நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள அவ ஆமான்னாலும் சரி இல்லன்னாலும் சரி, ஒரு வார்த்த சொல்லணும். மறக்காம சொல்லிடுங்க டீச்சர்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண்டிப்பா சொல்றேன் என்றேன். அன்றைக்குப் புதன்கிழமை.

ஆக, ஒரே சாயங்காலத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு சேதிகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். பஸ் கிளம்பும்போது இரண்டையும் சொல்வதாகத்தான் இருந்தேன், சத்தியமாக. பாதி வழியில் பெரியவனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஞாபகம் வந்தது. அப்புறம் மாமியாரின் மாத்திரைகள், சின்னவளின் தலைப் பின்னல், ஏழு நாற்பது பஸ். வாசலில் நின்று டிபன் பாக்ஸை நீட்டும் கை. அண்ணி போய்விட்டால் நான் வேலைக்குப் போக முடியாது, கணக்கு அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி காபியை நீட்டியபடி, "கேட்டியா?" என்றார்.

கேட்டேன் என்றேன். கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பசி என்றதும் அண்ணி தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாம சந்தோசமா இருக்குன்னுல்ல சிரிச்சோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சேதி என் வாயில்தான் இருந்தது. காபியைக் குடித்து அதை உள்ளே இறக்கினேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அந்த அம்மாள் நின்றிருந்தால் பார்த்துவிடுவாரே என்று பயந்து, வெளியே ரோட்டிலேயே நின்று பஸ் ஏறினேன். பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக முட்டி போட வைக்கிற டீச்சர் நான்.

அண்ணி தீனியைச் சின்ன உரலில் இடித்து மாவாக்கி, டம்ளரில் கரைத்து, பிள்ளைகளின் காய்ச்சல் மருந்துக்கு வந்த ஃபில்லரில் உறிஞ்சி, மோட்டார் வாய்க்கு முன்னால் சொட்டுச் சொட்டாக விட்டார். காலை ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. பஞ்சைப் பிழிவதை நிறுத்தினார். தண்ணீர் லேசாகக் கலங்கியது. "என்னக்கா இது, பளிங்கு மாதிரி இருந்துச்சு" என்று என் கணவர் முகம் சுளித்தார். "கலங்குனா கலங்கட்டும்டா" என்றார் அண்ணி. அந்த வீட்டில் அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. பத்து நாளில் இறால் கட்டையில் ஏறி விசிறியை விரித்தது. அதன்பிறகு ஒரு காலையில் சின்னவள் அலறினாள், இறால் செத்துக் கிடந்தது. "தூக்கிக் குப்பையில போடு" என்றார் மாமியார். அண்ணி வடிகட்டியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "சாவல. சட்டையக் கழட்டிப் போட்டிருக்கு. ஆளு எங்கியோ ஒளிஞ்சிருக்கு, தோலு கெட்டிப்படுற வரைக்கும் வெளிய வராது." சொன்னதுபோலவே நான்காம் நாள் கட்டைக்கு அடியிலிருந்து முன்னைவிடப் பெரிதாக அது வந்தது. அந்தச் சட்டையைத் தன் தோடு டப்பியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

வைகாசியில் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். அண்ணி வந்திருந்தார். வார்டன் அம்மாளும் வந்திருந்தார். பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தபோதே என் கையில் சோறு நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் உரலில் தீனி இடித்துக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். "நீ சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பனான்னு தெரியாது. அம்மாவ விட்டுட்டு எங்க போறதுன்னு நானே இருந்திருப்பேன். ஆனா, போவலன்னு சொல்ற வாயாவது எனக்கு இருந்திருக்கும். அதையும் நீயே சொல்லிட்ட." நான் அழுதேன். அவர் அழவில்லை, என்னை அழாதே என்றும் சொல்லவில்லை. இடித்து முடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை டிபன் பாக்ஸ் வழக்கம்போல என் கைக்கு வந்தது. பேனாவை மட்டும் நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் கல்லூரி திறக்கும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சோறு போட்டபிறகு, "நாளையிலேருந்து பெரம்பலூர்ல வேல. அங்கயே தங்கிக்கிறேன்" என்றார். கட்டிலிலிருந்து மாமியார் "யாரக் கேட்டு?" என்று கத்தினார். "யாரையும் கேக்கலம்மா. நானே பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுக்கப் போனார். "ஒனக்கு என்ன கொற வெச்சோம்?" என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மறுநாள் அண்ணி அதே ஒற்றைப் பெட்டியோடு என் ஏழு நாற்பது பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் வேகம் பிடித்ததும் காற்றுக்கு முகம் கொடுத்து, முந்தானை பறப்பதைக்கூடப் பிடிக்காமல், வழி முழுக்க அப்படியே இருந்தார். இறங்கும்போது டப்பியை என் கையில் வைத்தார். "அமுக்கிடாத, ஒடஞ்சிரும்" என்றார்.

இது நடந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். இறாலுக்கு நான் மாவு இடித்துப் போட்டேன், நேரம் கிடைத்தபோது. நேரம் கிடைத்த நாட்கள் குறைவு. மறு வருஷம் ஒரு காலையில் அது தரையில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், இந்த முறை சட்டை இல்லை. தொட்டி இப்போது மாடியில் காய்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். மாமியார் படுக்கையை விட்டு எழுவதில்லை. நாலரைக்கு நான் எழுகிறேன், எனக்கு நானே டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு ஏழு நாற்பதுக்கு ஓடுகிறேன், திரும்பி வந்து மறுபடி அடுப்படி. பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருக்கிறார். போன பொங்கலுக்கு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் ஆசையாகச் சொன்னார், "நீயும் அக்கா மாதிரியே ஆயிட்ட." எனக்கு ஈர விளக்குமாற்றை அவர்மேல் எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை, மீதி அறைகளையும் கழுவினேன்.

போன மாதம் அவரே என்னிடம் ஆரம்பித்தார். "அம்மா தெனம் அக்காவக் கேக்குது. நீ அந்தப் பக்கந்தானே போற, வந்துரச் சொல்லேன்." சொல்கிறேன் என்றேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அவரைவிட எனக்குத்தான் அண்ணி வர வேண்டியிருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கூந்தலில் பாதி நரைத்திருந்தது, கழுத்தில் விடுதிச் சாவிக்கொத்து தொங்கியது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வர மாட்டேன்னு சொல்லிடு" என்றார்.

"நீங்களே போன்ல அத்தைகிட்ட சொல்லிடுங்களேன் அண்ணி."

"நான் சொன்னா அம்மா அழுவும். அது அழுதா நான் வந்துருவேன். நீ போய்ச் சொல்லு." பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, பழைய கேலிச் சிரிப்போடு கேட்டார். "டீச்சரம்மா, இந்தத் தடவ போய்ச் சேர்ந்துரும்ல?"

பாதி வழியில் இந்த முறையும் எல்லாம் ஞாபகம் வந்தது. "யோசித்துச் சொல்கிறேன் என்றார், அடுத்த மாதம் வந்தாலும் வருவார்" என்று எதையாவது சொல்லி வைக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்டால் அவரும் எத்தனை நாள் தாங்குவார் என்றெல்லாம் புத்தி போனது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டிலருகே போய் நின்றேன். "அண்ணிய பாத்தேன். வர மாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். மாமியார் அழுதார். என் கணவர் "சரியாக் கேட்டியா?" என்றார். சரியாகத்தான் கேட்டேன் என்றேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டப்பியைத் திறந்து பார்த்தேன். எப்போது என்று தெரியவில்லை, மீதி இருந்த மீசையும் ஒடிந்திருந்தது. விசிறிகள் நான்கும் முழுசாக இருந்தன.